கொட்டாவை முதல் கொடகம வரை 76 நிமிடம்

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் கொட்டாவையில் ஏறி மாத்தறைக்குப் பக்கத்திலுள்ள கொடகமவில் இறங்கினால் தூரம் 126 கிலோமீற்றர். வேக எல்லை மணிக்கு 100. ஒரு கணம்கூட எல்லையைத் தாண்டாத வாகனம் இந்தத் தூரத்தைக் கடக்கக் குறைந்தது 75 நிமிடமும் சில செக்கன்களும் பிடிக்கும், 76 என்றே வைத்துக்கொள்வோம். சரியாக ஒரு மணித்தியாலத்தில் கொடகம வாயிலுக்கு வந்து நிற்கிற வாகனத்தின் சராசரி வேகம் 126. அதை யாரும் கண்ணால் கண்டிருக்கத் தேவையில்லை. வீதியோரத்தில் பொலிஸார் நின்றிருக்கவும் தேவையில்லை. ஏறும்போது கொடுத்த டிக்கெட்டில் எந்த வாயில், எத்தனை மணி என்பது இருக்கிறது. இறங்கும்போது அதைப் பார்த்துத்தான் கட்டணமே கணக்கிடுகிறார்கள். எல்லையை மீறியதற்கான கணக்கு, ஒவ்வொரு வாகனத்துக்கும், ஒவ்வொரு பயணத்துக்கும் ஏற்கெனவே வாயில் கணினிக்குள் கிடக்கிறது. அதைத் தண்டம் எழுதும் சான்றாக முறையாகவும் முழுமையாகவும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. அதிவேகப் பாதைகளில் உயிர்களைக் காப்பாற்ற இதைவிடச் செலவு குறைந்த வழி இந்த நாட்டுக்கு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது நமக்குப் பழக்கமானது கையில் பிடிக்கிற வேகக் கருவி. பாலத்தடியிலோ வளைவுக்கு அப்பாலோ ஓர் உத்தியோகத்தர் நிற்பார், சில நூறு மீற்றர் தூரத்தில் வருகிற வாகனத்தின் வேகத்தை அளப்பார். அந்த வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. மழையிலும் வெயிலிலும் நின்று செய்கிற கடினமான வேலை அது. ஆனால் அந்தக் கருவி அளப்பது ஒரு புள்ளியில், ஒரு நொடியின் வேகத்தை. வழக்கமாக அந்தப் பாதையில் ஓடுகிற சாரதிக்கு எங்கே நிற்பார்கள் என்பது அநேகமாகத் தெரியும். தெரியாதவருக்குக் கையடக்கத் தொலைபேசியிலிருக்கும் வரைபடச் செயலி சொல்லிவிடும். அந்த இடம் வந்ததும் பிரேக்கை அழுத்துவார்கள், கடந்ததும் பழையபடி மிதிப்பார்கள். இதில் இரட்டை ஆபத்து உண்டு. பாதையின் பெரும்பகுதியில் வேகம் குறையவே இல்லை என்பது ஒன்று. எல்லோரும் சீராக ஓடுகிற இடத்தில் திடீரென்று பலர் பிரேக் பிடிப்பதால் பின்னால் வருபவர் மோதும் வாய்ப்பு கூடுவது மற்றொன்று. இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்த நேரத்தை அளந்தால் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. ஒரு புள்ளியில் நல்லபிள்ளையாக நடந்து பயனில்லை, முழுத் தூரத்துக்கும் ஒழுங்காக ஓட வேண்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம், 100க்குப் பதில் 120, 130 என்று போனால் என்ன என்று கேட்பவர்கள் ஏராளம். அதிவேகப் பாதையில் எதிரே வாகனம் வராது, சந்தி கிடையாது, முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் கிடையாது, நாய் மாடு குறுக்கே வராதபடி வேலி இருக்கிறது. இதெல்லாம் உண்மை. அதனால்தான் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் என்று ஒப்பிட்டால் உலகெங்கும் இப்படியான பாதைகள் சாதாரண வீதிகளைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் மிச்சமிருக்கும் ஆபத்து முழுவதும் வேகத்தோடு கட்டுண்டது. முன்னால் மெதுவாகப் போகிற கொள்கலன் லொறி, டயர் வெடித்து ஓரத்தில் நிற்கிற வேன், திடீர் மழையில் தேங்கிய நீர் ஆகியவை அந்த ஆபத்தின் சில வடிவங்கள். 2024 ஜனவரி 25 அதிகாலையில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் கந்தானைப் பகுதியில் இராஜாங்க அமைச்சர் சனத் நிஷாந்தவும் அவரது பாதுகாப்பு உத்தியோகத்தரும் உயிரிழந்தது, அவர்கள் சென்ற ஜீப் கொள்கலன் வாகனத்தோடு மோதியதில். அந்த விபத்தின் காரணத்தை நான் தீர்மானிக்க முடியாது, அது நீதிமன்றத்தின் வேலை. இப்படியான பாதையில் மோதல் எந்த வடிவத்தில் வரும் என்பதற்கே அதைச் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது, வீதி காய்ந்திருக்கிறது, டயர் நல்ல நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100இல் வருகிற கார் முழுதாக நிற்க ஏறத்தாழ 97 மீற்றர் வேண்டும். 130இல் வருகிற காருக்கு ஏறத்தாழ 147 மீற்றர். ஐம்பது மீற்றர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் எந்த வேகத்தில் கடக்கும் என்று பார்த்தால் விடை மணிக்கு 95 கிலோமீற்றர். ஒருவருக்கு மூச்சு மட்டும் வாங்குகிறது, மற்றவர் 95இல் லொறியின் பின்புறத்தில் போய் இடிக்கிறார். மழையில் இந்த இடைவெளி இன்னும் விரியும். தெற்குப் பாதை ஓடுவதோ களுத்துறை, காலி மாவட்டங்களின் ஈர வலயத்துக்குள்ளால். உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு கணக்கும் உண்டு. சராசரி வேகம் ஒரு சதவீதம் ஏறினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ நான்கு சதவீதம் ஏறும். ஆகவே எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மீறுகிற பழக்கம்கூட, யாரோ ஒருவர் பைத்தியக்காரத்தனமாக ஓடுவதற்குச் சற்றும் குறையாத சேதத்தை விளைவிக்கும். வேகக் கருவி பிடிப்பது அந்த ஒருவரை. சராசரி வேகக் கணக்கு மாற்றுவது எல்லோரையும்.

இது வெறும் எண்ணம் அல்ல, இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து பார்த்த விடயம். நெதர்லாந்தில் 2002இல் ரொட்டர்டாம் அருகே ஏ13 பாதையில் இந்த முறை வந்தது. அடுத்த வருடம் வியன்னாவில் ஒரு சுரங்கப் பாதையில் வந்தது. இத்தாலியில் 2005 இறுதியில் "டியூட்டர்" என்ற பெயரில் அதிவேகப் பாதைகளில் பரவலாக்கினார்கள். நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய ஏ1 பாதையில் அதன் விளைவை ஆராய்ந்தவர்கள் விபத்துகள் ஏறத்தாழ 31 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் அலேனா ஹோயே பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்ட பகுப்பாய்வு இன்னும் தெளிவானது: ஓரிடத்தில் நட்ட கமராக்கள் விபத்துகளை ஏறத்தாழ 20 சதவீதம் குறைக்கின்றன, இரண்டு இடங்களுக்கிடையே சராசரி பார்க்கும் முறை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கிறது. உயிரிழப்பும் படுகாயமும் விளைவிக்கும் விபத்துகளை மட்டும் எடுத்தால் குறைவு 56 சதவீதம். பிரித்தானியாவில் 2016இல் ஆர்ஏசி அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்விலும் அத்தகைய விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன, ஆனால் எல்லாம் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகின்றன. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நேப்பிள்ஸ் ஆய்வில் முதல் ஆறு மாதங்களில் 39 சதவீதமாக இருந்த பலன், இரண்டரை வருடம் போனபோது 18க்கு இறங்கியிருந்தது. தண்டம் உண்மையிலேயே வீடு தேடி வரும் என்ற நம்பிக்கை தளர்ந்தால் கால் தானாகவே மறுபடி அழுத்தத் தொடங்கும். எனவே இதைத் தொடங்கினால் மட்டும் போதாது, விடாமல் நடத்தவும் வேண்டும்.

ஸ்கொட்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, பாதையின் பெயர்கூட நம் நாட்டில் உள்ளது போல ஏ9தான். டன்பிளேனிலிருந்து இன்வர்னெஸ் வரை 200 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் 2014 ஒக்டோபரில் சராசரி வேகக் கமராக்கள் இயங்கத் தொடங்கின. அதற்கு முன் எதிர்ப்பு இயக்கமே நடந்தது. வியாபாரம் கெடும், நெரிசல் கூடும், பாதையை அகலமாக்குவதுதான் தீர்வு என்றார்கள். கமரா வந்தபின் வேக எல்லையை மீறுவோர் மூன்றில் ஒருவர் என்ற நிலையிலிருந்து பதினைந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. கமரா வைத்த அதே நேரத்தில் பாரவூர்திகளுக்கு இருந்த மணிக்கு 40 மைல் எல்லையை 50 மைலாக உயர்த்தினார்கள். லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பொறுமையிழந்து முந்துவதுதான் அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்துவதும், சட்டத்தையே நியாயமாக்குவதும் ஒன்றாகவே நடக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பக்கத்து இந்தியாவில் டில்லியையும் ஆக்ராவையும் இணைக்கிற 165 கிலோமீற்றர் யமுனா அதிவேகப் பாதை 2012இல் திறக்கப்பட்டது. அங்கேயும் எல்லை 100. சுங்கச் சாவடிகளுக்கிடையே எடுத்த நேரத்தைப் பார்த்துத் தண்டம் எழுதும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். கொட்டாவைக்கும் கொடகமவுக்கும் நான் சொல்கிற அதே யோசனைதான் அது. அதே நாட்டின் பெங்களூரு–மைசூரு பாதையில் 2023இல் 188 பேர் இறந்தார்கள், 2024இல் அது 50 ஆகக் குறைந்தது. அந்த வீழ்ச்சி முழுவதையும் வேகக் கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல. இடையில் மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் அந்தப் பாதையின் பிரதான வழியிலிருந்து நீக்கினார்கள், கமராக்களும் வைத்தார்கள், பொலிஸ் கண்காணிப்பும் கூடியது. ஆனால் தெற்காசியாவில் எதைச் செய்தாலும் சாரதிகள் மாறமாட்டார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு அந்த எண் ஒரு பதில்.

இப்போது நம்முடைய நிலைமைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இதைச் செய்ய விலையுயர்ந்த கமராத் தொகுதிகள் வேண்டியிருந்ததற்குக் காரணம் அவர்களின் பாதைகள் பலவற்றில் வாயில்கள் இல்லாததே. ஓடுகிற வாகனத்தின் இலக்கத்தகட்டைப் படித்து, பதிவு விபரத்தைத் தேடி, உரிமையாளரின் வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். நம் நாட்டில் அந்த வழியில் போனால் உடனே ஒரு பள்ளத்தில் விழுவோம். வாகனத்தை விற்றும் பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் கைமாறிக்கொண்டே போகிற பழக்கம் இங்கே ஊறியது. பழைய உரிமையாளர் வெள்ளவத்தையில் இருப்பார், வாகனம் எம்பிலிப்பிட்டியவில் ஓடும், கடிதம் யாருக்குப் போகும்? பாதையில் ஏறி இறங்கும் வாயில்கள் இந்தச் சிக்கலை அப்படியே தீர்த்துவிடுகின்றன. வாகனம் அங்கே எப்படியும் நிற்கிறது. ஓட்டியவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், சாரதி அனுமதிப்பத்திரம் அவர் கையில் இருக்கிறது. கட்டணம் அறவிடும்போதே திரையில் சிவப்பு எழுந்தால், சற்றுத் தள்ளி நிற்கிற பொலிஸார் வாகனத்தை ஓரங்கட்டித் தண்டப் பத்திரம் கொடுக்கலாம். இங்கே எல்லையை எவ்வளவு மீறினாரோ அதற்கேற்பத் தண்டம் கூடுகிறது. சராசரியையும் அதே படிகளில் வைத்தால் போதும்.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது, அதை மெல்லிய குரலில் சொல்ல நான் விரும்பவில்லை. வீதியோரத்தில் நிறுத்தி எழுதுகிற தண்டத்தில் பேரம் பேச இடமுண்டு. யார் நிறுத்தப்படுகிறார், யார் கையசைத்து அனுப்பப்படுகிறார் என்பது ஒருவருடைய விருப்பத்தில் தங்கியிருக்கிறது. கணினியில் பதிவான நேரம் யாருடைய தொலைபேசி அழைப்புக்கும் மாறாது. அமைச்சரின் வாகனமும் மரக்கறி லொறியும் ஒரே கணக்கில் வரும். தண்டம் எழுதியதற்கும் எழுதாமல் விட்டதற்கும் பதிவு இருக்கும், கணக்காய்வாளர் வந்து கேட்கலாம். "தண்டம் என்பது அரசாங்கம் பணம் பிடுங்கும் வழி" என்ற கோபத்துக்கும் இதில் பதில் உண்டு. ஒளிந்திருந்து பிடிக்கிற முறையில் அகப்படுவது துரதிர்ஷ்டம் போலத் தெரியும். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த தூரம், எல்லோருக்கும் தெரிந்த நேரம் என்றால், மீறுவது முழுக்க ஓட்டுபவரின் தெரிவு. பெரிய பலகையில் "இந்த வாயிலுக்கு 76 நிமிடத்துக்கு முன் வந்தால் தண்டம்" என்று எழுதி வைத்தால் முதல் மாதத்துக்குள்ளேயே வருமானம் சரிந்துவிடும். அப்படிச் சரிவதுதான் வெற்றி.

எதிர்வாதங்களில் மிகவும் வலுவானது இது: வேகமாக ஓடிவிட்டு வெலிப்பன்ன ஓய்விடத்தில் ஒரு தேநீர் குடித்தால் கணக்கு சரியாகிவிடுமே? ஆம், சரியாகிவிடும். ஓய்விடத்தில் நின்றவர் 140இல் ஓடியிருந்தாலும் வாயில் கணக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அவர் வேகமாக ஓடிச் சேமித்த நேரத்தைத் தேநீருக்கே செலவழித்துவிட்டார். முந்திப் போக வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலானோர் மிதிக்கிறார்கள். முந்திப் போவதே சாத்தியமில்லை என்றால் மிதிப்பதற்கு உள்ள காரணத்தில் பெரும்பகுதி காணாமல் போகிறது. மீதிப் பேருக்கு வேகக் கருவி இருக்கவே இருக்கிறது, அதை ஒழிக்கச் சொல்லவில்லை. நீண்ட தூரத்துக்கு ஒரே சராசரி என்பதில் உள்ள பலவீனமும் உண்மை, நடுவில் கொஞ்சத் தூரம் 150இல் பறந்ததை அது மறைத்துவிடும். அதற்கு நடுவில், முக்கியமாக ஓய்விடத்துக்கு முன்னும் பின்னும், இலக்கத்தகட்டைப் படிக்கும் கமராக்கள் சிலவற்றை நட்டுப் பாதையைத் துண்டுகளாகப் பிரிக்கலாம். அது இரண்டாம் கட்டம். முதற் கட்டத்தை அதற்காகக் காத்திருக்க வைக்கத் தேவையில்லை. வாயிலுக்குக் கிட்ட வந்து அவசர ஓரத்தில் நிறுத்தி நேரம் கழிப்பவர்கள் வருவார்கள் என்பது எனக்கு இதைவிடப் பெரிய கவலை. அந்த ஓரம் பழுதான வாகனத்துக்கும் அம்புலன்சுக்கும் உரியது. வாயிலுக்கு முந்திய கடைசிச் சில கிலோமீற்றரில் ரோந்து கட்டாயம் வேண்டும்.

"விபத்துக்குக் காரணம் வேகமல்ல, தூக்கம்" என்பார்கள். தூக்கம் பெரிய காரணம்தான். 2019 ஜூலையில் அதே யமுனா பாதையில் ஒரு பஸ் பாலத்திலிருந்து வாய்க்காலுக்குள் விழுந்து 29 பேர் இறந்தபோது சாரதி கண்ணயர்ந்ததே காரணம் என்றார்கள். ஆனால் கண்ணயர்ந்தவர் எந்த வேகத்தில் தடுப்பில் மோதுகிறார் என்பது முக்கியமில்லையா? தூக்கம் மோதலை உண்டாக்கும், யார் பிழைப்பார் என்பதை வேகம்தான் முடிவுசெய்யும். பாதை 120க்குத் தாங்கும், 100 என்பது பழைய எல்லை என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வேண்டுமானால் வீதி அபிவிருத்தி அதிகார சபை அதை ஆராயட்டும், ஸ்கொட்லாந்து செய்தது போல மாற்றட்டும். இருக்கிற எல்லையை யாரும் மதிக்காத நிலையில் அதை உயர்த்தினால், உயர்த்திய எல்லைக்கும் மேலேதான் வண்டிகள் ஓடும். மணிக்கூடுகள் பிழைக்கலாம் என்ற சந்தேகமும் நியாயமானது. வாயில்களின் நேரத்தை ஒன்றோடொன்று பொருத்தி, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் சரிபார்த்த சான்றோடுதான் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றபடி இந்தக் கணக்கில் வரும் பிழைகள் பெரும்பாலும் சாரதிக்குச் சாதகமானவை. இறங்கும் வாயிலில் வரிசையில் நின்ற நேரமும், ஓய்விடத்தில் கழித்த நேரமும் அவருடைய சராசரியைக் குறைத்துத்தான் காட்டும். அப்படியும் 100க்கு மேல் வந்தால், வழியில் எங்கோ அவர் 100ஐத் தாண்டியே இருக்கவேண்டும், அது வெறும் கணிதம். பயண விபரங்கள் தவறான கைக்குப் போகும் என்ற பயத்துக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லைக்குள் ஓடியவரின் வேகக் கணக்கை உடனே அழித்துவிட வேண்டும் என்று ஒழுங்குவிதியிலேயே எழுதலாம்.

நேரம் மிச்சமாகும் என்கிற வாதத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதுதான் எல்லோர் மனதிலும் இருப்பது. கொட்டஹேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ கட்டுநாயக்கவுக்கு வேன் பிடித்துப் போகிற குடும்பங்களுக்கு விமானம் தவறிவிடும் என்ற பதற்றம் எப்போதும் உண்டு. சாரதியை விரட்டுவதும் உண்டு. கட்டுநாயக்கப் பாதையின் நீளம் 25.8 கிலோமீற்றர். முழுத் தூரமும் 100இல் போனால் பதினைந்தரை நிமிடம், 120இல் போனால் ஏறத்தாழ பதின்மூன்று. மிச்சம் இரண்டரை நிமிடம். பேலியகொடவில் ஏறுவதற்கு முன்பே, இங்கே ஒருகொடவத்தையில் ஒரு சிவப்பு விளக்குக்கு நின்றால் அந்த இரண்டரை நிமிடம் போய்விடும். மாத்தறைக்கு 120இல் போனாலும் மிச்சமாவது 13 நிமிடந்தான். உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 விபத்துகளில் 3,000 பேர் இறக்கிறார்கள், 8,000 பேர் படுகாயமடைகிறார்கள். அதில் பெரும்பகுதி சாதாரண வீதிகளில்தான் நடக்கிறது. அதிவேகப் பாதையில் இந்த முறை நிலைபெற்றால் அடுத்ததாக அதைக் கொண்டுபோக வேண்டிய இடமும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: வவுனியாவைத் தாண்டி நேர்கோடாக நீளுகிற நமது ஏ9. இரவு பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற பாதை அது. அங்கே வாயில்கள் இல்லாததால் கமரா வேண்டும், பெயர் மாற்றாத வாகனங்களின் சிக்கலையும் முதலில் தீர்க்க வேண்டும்.

அதற்கு முன், ஆரம்பிப்பது யாரிடமிருந்து என்று கேட்டால் பஸ்களிடமிருந்து என்பேன். மாகும்புர பஸ் நிலையத்திலிருந்து காலிக்கும் மாத்தறைக்கும் ஓடுகிற சொகுசு பஸ்ஸில் நாற்பது பேரளவில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் மட்டும் மிதிக்கிறார். எந்த வாயிலில் ஏறி எங்கே இறங்கும், எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதெல்லாம் முன்பே தெரிந்த சேவைகள் அவை. மாகாணங்களுக்கிடையே ஓடுகிறவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. வாயில் நேரங்களை மாதாமாதம் அங்கே அனுப்பி, திரும்பத் திரும்ப எல்லையை மீறுகிற பஸ்ஸின் அனுமதியை இடைநிறுத்தலாம். தண்டத்தைச் சாரதியின் தலையில் கட்டிவிட்டு, முந்தி வந்து அடுத்த நடையைப் பிடிக்கச் சொல்லுகிற உரிமையாளரும் அப்போது கணக்குக்குள் வருவார். எந்தெந்தச் சேவையின் சராசரி எவ்வளவு என்ற பட்டியலை மாகும்புர நிலையத்தில் டிக்கெட் வாங்குகிற இடத்திலேயே ஒட்டிவைத்தால், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று பயணிகளே முடிவுசெய்துகொள்வார்கள்.